ஷார்ட்கட் அடித்தால் விரியவில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

நாலு எழுத்து அடித்தால் ஒரு பத்தியே வந்து விழவேண்டும். சில நாள் விழாது. சில நாள் பாதிதான் விழும். சில நாள் கேட்காத இடத்தில் விழும். டெக்ஸ்ட் ஷார்ட்கட், மேக்ரோ (பல வேலைகளைப் பதிந்து வைத்து ஒரே கட்டளையில் ஓட்டுவது) வைத்திருப்பவர்கள் "திடீர்னு வேலை செய்யலை" என்று கொண்டுவரும் கணினிகளைப் பார்த்துப் பார்த்து, எதை முதலில் தொடுவது, எதைக் கடைசியில் தொடுவது என்று ஒரு வரிசை கையில் படிந்துவிட்டது. அதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். முழுவதும் படிக்கத் தேவையில்லை. உங்கள் அறிகுறி எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அங்கே போங்கள். ஒவ்வொன்றிலும் சுலபமான காரணம் முதலில் இருக்கும், நேரம் தின்னும் காரணம் கடைசியில் இருக்கும்.

இரண்டு சொல்லை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். நீங்கள் அடிக்கும் சிறு குறி 'சுருக்கம்'. அதற்குப் பதிலாக வரவேண்டிய வாசகம் 'விரிவு'.

## எந்தத் தலைப்புக்குப் போவது?

நோட்பேடைத் திறங்கள் (மேக்கில் டெக்ஸ்ட்எடிட்). விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்றுங்கள். ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லாக விரியும் சோதனைச் சுருக்கம் ஒன்றை உங்கள் கருவியில் (சுருக்கத்தை விரிக்கும் நிரலில்) புதிதாகச் சேர்த்து, அதை அடித்து ஸ்பேஸ் தட்டுங்கள். வேர்டின் சொந்த ஆட்டோகரெக்ட் (அடிக்கும்போதே சொல்லை மாற்றும் வசதி) நோட்பேடில் வேலை செய்யாது. அதைச் சோதிப்பதானால் வேர்டில் ஒரு வெற்று டாகுமென்டில் இதையே செய்யுங்கள்.

- எதுவுமே நடக்கவில்லை: அறிகுறி 1
- இங்கே விரிகிறது, வேறொரு செயலியில் விரியவில்லை: அறிகுறி 2
- ஆங்கிலத்தில் விரிகிறது, தமிழுக்கு மாற்றினால் விரியவில்லை: அறிகுறி 3
- விரிகிறது, ஆனால் எழுத்து குறைகிறது, மிஞ்சுகிறது, பழைய காப்பி வந்து விழுகிறது: அறிகுறி 4
- கேள்விக்குறி, கட்டம், கிறுக்கல் வருகிறது: அறிகுறி 5
- வேண்டாத இடத்தில் விரிகிறது: அறிகுறி 6
- சாட்டில் வரிவரியாகத் தானே அனுப்பிவிடுகிறது: அறிகுறி 7
- வேர்ட் மேக்ரோ ஓடவில்லை: அறிகுறி 8

## அறிகுறி 1: எங்கேயும் எதுவும் நடக்கவில்லை

கருவி ஓடுகிறதா? சிரிக்காதீர்கள், பெரும்பாலும் இதுதான். விண்டோஸில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் உள்ள சிறு அம்புக்குறியைத் தட்டி, கருவியின் ஐகான் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கணினியை மறுபடி தொடங்கியபோது அது தானாக எழவில்லை. ஆட்டோஹாட்கீ (சுருக்கங்களை ஸ்கிரிப்ட் ஃபைலில் எழுதி ஓட்டும் விண்டோஸ் கருவி) என்றால் அந்த ஸ்கிரிப்ட் ஃபைலின் ஷார்ட்கட்டை ஸ்டார்ட்டப் ஃபோல்டரில் போட்டுவிடுங்கள். ஐகான் இருந்தும் விரியவில்லையென்றால் அதன் மேல் ரைட் கிளிக் செய்யுங்கள். 'சஸ்பெண்ட்' அல்லது 'டிஸேபிள்' டிக் ஆகியிருக்கலாம். ஏதோ ஒரு விசைக் கூட்டில் கை பட்டு இது தானாக நடப்பதுண்டு.

ஃபைலைச் சேமித்த பின் ரீலோடு செய்தீர்களா? ஆட்டோஹாட்கீயில் ஸ்கிரிப்டைத் திருத்திச் சேமித்தால் மட்டும் போதாது. ஐகானில் ரைட் கிளிக் செய்து 'ரீலோட் ஸ்கிரிப்ட்' கொடுத்தால்தான் புது வரிகள் உயிர்பெறும்.

முடிவு எழுத்து. ஆட்டோஹாட்கீயில் சாதாரணமாக எழுதிய சுருக்கம், அதற்குப் பிறகு ஸ்பேஸ், என்டர், டேப் அல்லது ஒரு நிறுத்தக்குறி வந்தால்தான் விரியும். வேர்டும் அப்படித்தான். அடித்த கையோடு விரியவேண்டுமென்றால் ஆட்டோஹாட்கீயில் நட்சத்திரக் குறி போடவேண்டும், இப்படி:

:*:,,01::விரிவு வாசகம்

நடுவில் மவுஸைத் தொட்டீர்களா? சுருக்கத்தைப் பாதி அடித்துவிட்டு மவுஸ் கிளிக்கோ அம்பு விசையோ பயன்படுத்தினால் ஆட்டோஹாட்கீ அதுவரை பார்த்ததை மறந்துவிடும். ஏற்கெனவே அடித்து வைத்திருக்கும் சுருக்கத்தின் பின்னால் போய் ஸ்பேஸ் தட்டினால் விரியாது. அழித்துவிட்டு முழுதாக அடியுங்கள்.

ஸ்கிரிப்ட் திறக்கும்போதே பிழைச் செய்தி வருகிறதா? ஆட்டோஹாட்கீயின் 2.0 பதிப்பு 2022 டிசம்பரில் வந்தது. அதற்கு முந்தைய 1.1 பதிப்புக்கு எழுதிய கட்டளைகளில் பெரும்பாலானவை இதில் ஓடாது. இணையத்திலிருந்து எடுத்த ஸ்கிரிப்ட் என்றால் எந்தப் பதிப்புக்கு எழுதியது என்று பாருங்கள். வெறும் சுருக்கம்–விரிவு வரிகள் இரண்டிலும் ஒன்றுபோலவே இருப்பதால் அவற்றை மட்டும் தனி ஃபைலில் எடுத்துப் போட்டுப் பார்த்தாலே விஷயம் தெரிந்துவிடும்.

எஸ்பான்சோ (இன்னொரு விரிவுக் கருவி) என்றால் சுருக்கங்களை எழுதிவைக்கும் யாமல் ஃபைலில் டேப் இருக்கிறதா என்று தேடுங்கள். உள்தள்ளலுக்கு ஸ்பேஸ் மட்டும்தான் ஏற்கும். விரிவு வாசகத்தின் நடுவே முக்காற்புள்ளியும் அதையடுத்து இடைவெளியும் வந்தாலும் குழம்பும். அந்த வாசகத்தை மேற்கோள் குறிக்குள் வையுங்கள். ஒரே வரித் தவறு அந்த ஃபைலில் உள்ள எல்லாச் சுருக்கத்தையும் முடக்கிவிடும். அதனால் "நேற்றுவரை எல்லாம் ஓடியது, இன்று ஒன்றுமே ஓடவில்லை" என்றால் கடைசியாகச் சேர்த்த வரியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

வேர்ட் என்றால் ஃபைல், ஆப்ஷன்ஸ், ப்ரூஃபிங், ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸ் என்று போய் 'ரீப்ளேஸ் டெக்ஸ்ட் அஸ் யூ டைப்' டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்.

மேக் என்றால் சிஸ்டம் செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அக்ஸசிபிலிட்டி. பட்டியலில் உங்கள் கருவிக்கு அனுமதி இருக்கவேண்டும். இருப்பதாகக் காட்டியும் ஓடவில்லையென்றால் (கருவியை அப்டேட் செய்தபின் இது அடிக்கடி நடக்கும்) அணைத்துப் போடுங்கள். அதற்கும் மசியவில்லையா? பட்டியலிலிருந்தே நீக்கிவிட்டு மறுபடி சேருங்கள். அப்புறம் இன்னொன்று: ஏதோ ஒரு செயலி கடவுச்சொல் பெட்டிக்காக விசைகளை மறைக்கும் பாதுகாப்பு முறையைப் போட்டுவிட்டு எடுக்காமல் விட்டிருந்தால் எந்தக் கருவிக்கும் எழுத்து தெரியாது. டெர்மினல் மெனுவில் 'செக்யூர் கீபோர்ட் என்ட்ரி' டிக் ஆகியிருந்தால் எடுத்துவிடுங்கள். பிரவுசரையும் கடவுச்சொல் மேலாளரையும் ஒவ்வொன்றாக மூடிப் பாருங்கள்.

லினக்ஸ் என்றால் வேலண்ட் அமர்வா, எக்ஸ்11 அமர்வா (திரையில் சன்னல்களைக் காட்டும் இரண்டு முறைகள்) என்று பாருங்கள். ஆட்டோகீ போன்ற கருவிகள் எக்ஸ்11-ஐ நம்பி எழுதப்பட்டவை. எஸ்பான்சோவில் வேலண்டுக்குத் தனிப் பதிப்பு உண்டு, அதை நிறுவியிருக்கவேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் ஐகானே நிற்காமல் மறைந்துகொண்டிருந்தால், ஆன்ட்டிவைரஸ் அதைப் பிடித்து வைத்திருக்கலாம். குவாரன்டைன் பட்டியலைப் பாருங்கள். விசைகளைக் கவனிக்கும் எந்த நிரலும் அதன் கண்ணுக்கு வேவு நிரல் மாதிரிதான் தெரியும். தனி எக்ஸி ஃபைலாக மாற்றிய ஆட்டோஹாட்கீ ஸ்கிரிப்டுகள் இதில் அடிக்கடி மாட்டும். எக்ஸியாக மாற்றாமல் ஸ்கிரிப்டாகவே ஓடவிட்டால் பெரும்பாலும் பிரச்சினை வராது.

## அறிகுறி 2: ஒரு செயலியில் விரிகிறது, இன்னொன்றில் இல்லை

அந்தச் செயலி அட்மினிஸ்ட்ரேட்டராக ஓடுகிறதா? விண்டோஸில் சாதாரண உரிமையோடு ஓடும் கருவி, அட்மின் உரிமையோடு ஓடும் சன்னலுக்குள் எழுத்தை அனுப்ப முடியாது. டாஸ்க் மேனேஜரில் விரியாது, நோட்பேடில் விரியும் என்றால் இதுதான் காரணம். அது கோளாறே இல்லை. நீங்கள் தினமும் எழுதும் செயலியே அட்மினாக ஓடினால், முதலில் அதைச் சாதாரணமாகத் திறக்க முடியுமா என்று பாருங்கள். முடியாதபோது மட்டும் கருவியையும் அட்மினாக ஓட்டுங்கள். எடுத்த எடுப்பில் கருவிக்கு அட்மின் உரிமை கொடுப்பது எனக்குப் பிடிக்காத வழி.

மேக்கின் சொந்த டெக்ஸ்ட் ரீப்ளேஸ்மென்ட்டா? அது எல்லாச் செயலியிலும் வேலை செய்யாது. டெக்ஸ்ட்எடிட்டில் எடிட், சப்ஸ்டிடியூஷன்ஸ் மெனுவில் 'டெக்ஸ்ட் ரீப்ளேஸ்மென்ட்' டிக் ஆகியிருக்கவேண்டும். அந்த மெனுவே இல்லாத செயலிகளில், பல பிரவுசர்கள் உட்பட, அதை நம்பாதீர்கள். தனிக் கருவி ஒன்று வைத்துக்கொள்வதுதான் வழி.

பிரவுசர் எக்ஸ்டென்ஷனா? பிரவுசருக்கு வெளியே அது எட்டிப் பார்க்காது. பிரவுசருக்குள்ளும் கூகுள் டாக்ஸ் மாதிரி பக்கத்தைத் தானே வரைந்து காட்டும் தளங்களில் சில எக்ஸ்டென்ஷன்கள் தடுமாறும். டாக்ஸில் மட்டும்தான் பிரச்சினை என்றால் அதிலேயே டூல்ஸ், பிரிஃபரன்சஸ், சப்ஸ்டிடியூஷன்ஸ் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. சின்னச் சுருக்கங்களுக்கு அது போதும்.

ரிமோட் டெஸ்க்டாப்பா? உங்கள் கணினியிலும் தொலைவில் உள்ள கணினியிலும் ஒரே கருவி ஓடினால் இரண்டும் போட்டி போட்டு விரிக்கும். ஒன்றை நிறுத்துங்கள். ரிமோட் சன்னலில்தான் அதிகம் எழுதுகிறீர்கள் என்றால் தொலைவில் உள்ளதை வைத்துக்கொள்வது மேல். இங்கிருந்து அனுப்பும் எழுத்து வழியில் தவறக்கூடும்.

கடவுச்சொல் பெட்டியில் விரியவில்லையா? நல்லது, அப்படியே விடுங்கள்.

## அறிகுறி 3: ஆங்கிலத்தில் சரி, தமிழில் இல்லை

தமிழில் எழுதுபவர்களுக்கு நிஜமான தலைவலி இதுதான். ஆங்கில வழிகாட்டிகளைப் படித்துக் கருவியை அமைத்தவர்கள் எல்லோரும் இங்கே வந்து நிற்பார்கள்.

முதல் சந்தேகம், குறியின் முதல் எழுத்து. சுருக்கத்தைச் செமிகோலனில் தொடங்கச் சொல்வது வழக்கம். தமிழ் 99 விசைப்பலகையில் அந்த விசை 'ந'. பக்கத்தில் உள்ள மேற்கோள் குறி 'ய'. சாய்கோடு 'ழ'. சதுர அடைப்புக்குறிகள் 'ச', 'ஞ'. அதாவது நீங்கள் செமிகோலன் அடித்ததாக நினைக்கிறீர்கள், கருவிக்குப் போய்ச் சேர்வது 'ந'. கமாவும் புள்ளியும் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

அதனால் நான் பரிந்துரைப்பது இரண்டு கமா, பிறகு இரண்டு இலக்கம்: ,,01 ,,02 ,,03. தமிழ் 99-இலும் ஆங்கிலத்திலும் ஒரே விசைகள்தான். மொழியை மாற்றாமலே அடிக்கலாம். இயல்பான எழுத்தில் இரண்டு கமா அடுத்தடுத்து வருவதும் அபூர்வம். எண்களை நினைவில் வைப்பது கஷ்டம்தான், மறுக்கவில்லை. முதலில் பத்துக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். எஸ்பான்சோவில் ஆல்ட் + ஸ்பேஸ் தட்டினால் தேடும் பெட்டி வரும், மறந்ததை அங்கே தேடிக்கொள்ளலாம்.

தமிழ் எழுத்தையே சுருக்கமாக வைத்திருந்தால் எந்த உள்ளீட்டு முறையில் அடிக்கிறீர்கள் என்று பாருங்கள். ஒரு விசைக்கு ஒரு எழுத்து தரும் நேரடி விசைப்பலகையில் ஓரளவு ஓடும். ஒலிபெயர்ப்பு முறையில், அதாவது ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக மாறும் முறையில், நம்பவே முடியாது. சொல்லின் கீழே கோடு தெரியும்வரை அது இன்னும் செயலிக்குப் போய்ச் சேரவில்லை. கருவி பார்ப்பது நீங்கள் தட்டிய ஆங்கில விசைகளை. திரையில் இருப்பது தமிழ். 'நன்றி' என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் (எழுத்துக்கு எண் தரும் பொது முறையில்) ந, ன, புள்ளி, ற, இகரக் குறி என்று ஐந்து. ஒலிபெயர்ப்பில் அடித்த விசைகள் ஆறு. விரிக்கும் முன் சுருக்கத்தை அழிக்க, கருவி ஆறு முறை பேக்ஸ்பேஸ் அனுப்பினால் ஐந்தும் போய், முன்னால் இருந்த இடைவெளியும் போகும். "முந்தின சொல்லோடு ஒட்டிக்கொள்கிறது" என்ற புகாருக்குப் பின்னால் இந்தக் கணக்குதான் இருக்கும். இதற்குச் சீரமைப்பு தேடி நேரம் வீணாக்காமல் கமா–இலக்கம் முறைக்கு மாறிவிடுங்கள்.

சில தமிழ்ச் சுருக்கம் ஓடுகிறது, சில ஓடவில்லையா? பார்க்க ஒன்றாக இருந்து உள்ளே வேறாக இருக்கும் எழுத்துகளைத் தேடுங்கள். மூன்று இடத்தில் இது மாட்டும்.

ஒகரக் குறி. 'கொ' என்பதை க + ொ என்று இரண்டாகவும் சேமிக்கலாம், க + ெ + ா என்று மூன்றாகவும் சேமிக்கலாம். கண்டுபிடிக்க நோட்பேடில் அந்த எழுத்துக்குப் பின்னால் கர்சரை வைத்து ஒருமுறை பேக்ஸ்பேஸ் தட்டுங்கள். 'க' மிஞ்சினால் முதல் வகை. 'கெ' மிஞ்சினால் இரண்டாவது. ஓகாரத்துக்கும் இதே கதை.

ஔகாரம். ஒரே எழுத்தான 'ஔ' வேறு, ஒ-வும் ள-வும் அடுத்தடுத்து அடித்த 'ஒள' வேறு. பேக்ஸ்பேஸ் தட்டியதும் 'ஒ' நின்றால் அது இரண்டு எழுத்து.

ஸ்ரீ. இதற்கு முதல் எழுத்தாக 'ஸ' வைக்கும் விசைப்பலகையும் உண்டு, 'ஶ' வைக்கும் விசைப்பலகையும் உண்டு. திரையில் இரண்டும் ஒரே உருவமாகத் தெரியலாம்.

சுருக்கத்தை வேறு இடத்திலிருந்து காப்பி செய்து ஒட்டியிருந்தால் இந்தக் கலப்பு வர வாய்ப்பு அதிகம். மருந்து எளிது: பட்டியலில் அந்தச் சுருக்கத்தை அழித்துவிட்டு, தினமும் எழுதும் அதே விசைப்பலகையில், கையால் அடித்துச் சேருங்கள். அப்போதும் பொருந்தவில்லையென்றால் கண்ணுக்குத் தெரியாத குறி ஏதோ நடுவில் ஒளிந்திருக்கிறது. வேர்டில் எழுத்துக்குப் பின்னால் கர்சரை வைத்து ஆல்ட் + எக்ஸ் தட்டினால் அதன் குறியெண் காட்டும், மறுபடி தட்டினால் எழுத்து திரும்பும். ஒவ்வொன்றாகச் சோதிக்கலாம்.

வேர்டிலும் லிப்ரே ஆபீஸிலும் மட்டும் இந்தப் பிரச்சினையா? இரண்டும் ஆட்டோகரெக்ட் பட்டியலை மொழிவாரியாக வைத்திருக்கின்றன. ஆங்கிலத்தில் எழுதும்போது சேர்த்தது ஆங்கிலப் பட்டியலில் இருக்கும். கர்சர் தமிழ்ப் பத்தியில் நின்றால் வேர்ட் தமிழ்ப் பட்டியலைத்தான் புரட்டும். கர்சரைத் தமிழ் வரியில் வைத்துக்கொண்டு ஆட்டோகரெக்ட் பெட்டியைத் திறங்கள். பெட்டியின் தலைப்பிலேயே மொழியின் பெயர் இருக்கும். அங்கே மறுபடி சேருங்கள். லிப்ரே ஆபீஸில் இன்னும் சுலபம்: மொழித் தேர்வில் எல்லா மொழிக்கும் பொதுவாக 'ஆல்' என்று ஒன்று உண்டு, அதில் சேர்த்தால் தீர்ந்தது.

## அறிகுறி 4: எழுத்து குறைகிறது, மிஞ்சுகிறது, அல்லது பழைய காப்பி விழுகிறது

சுருக்கத்தின் முதல் எழுத்து அழியாமல் நிற்கிறது, விரிவின் நடுவில் ஓரிரு எழுத்து காணவில்லை என்றால் வேகம்தான் காரணம். கருவி அனுப்பும் வேகத்துக்குச் செயலி ஈடுகொடுக்கவில்லை. கனமான இணையப் பக்கங்களிலும் ரிமோட் சன்னலிலும் இது அதிகம். முதலில் நோட்பேடில் அதே விரிவை அடித்துப் பாருங்கள். அங்கே முழுசாக வந்தால் கருவியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு வழி உண்டு. விசைகளுக்கு நடுவே சிறு தாமதம் வைக்கலாம். அல்லது எழுத்தெழுத்தாக அனுப்பாமல் கிளிப்போர்டு (காப்பி செய்தது தங்கும் இடம்) வழியாக ஒரேயடியாக ஒட்டச் சொல்லலாம். தமிழ் விரிவுக்கு நான் எப்போதும் இரண்டாவதைத்தான் வைப்பேன். எஸ்பான்சோ நீளமான விரிவுகளைத் தானாகவே அப்படித்தான் ஒட்டும்.

ஆனால் கிளிப்போர்டு வழிக்கு அதற்கே உரிய அறிகுறி ஒன்று உண்டு: விரிவுக்குப் பதிலாக, சற்றுமுன் நீங்கள் காப்பி செய்து வைத்திருந்த வேறு எதுவோ வந்து விழும். கருவி உங்கள் பழைய காப்பியைத் திரும்ப வைக்கும் வேலையைச் செயலி ஒட்டி முடிக்கும் முன்பே செய்துவிட்டது. திரும்ப வைப்பதற்கான தாமதத்தைக் கூட்டினால் சரியாகும். கிளிப்போர்டு வரலாறு வைத்திருக்கும் செயலி தனியாக ஓடினால் அதை நிறுத்திவிட்டும் ஒருமுறை பாருங்கள்.

அடைப்புக்குறி இரண்டிரண்டாக வருகிறதென்றால் எழுதும் செயலியே அவற்றைத் தானாக மூடுகிறது. அந்த வசதியை அணையுங்கள்.

ஆட்டோஹாட்கீயில் குறிப்பிட்ட குறிகள் மட்டும் காணாமல் போகின்றனவா? கூட்டல், வியப்புக்குறி, ஹாஷ், மேல்கூரைக் குறி, நெளி அடைப்பு ஆகியவை அதற்குக் கட்டளைகள். '50+5' என்று விரிவு வைத்தால் '50%' என்று விழும். கூட்டல் என்பது அதற்கு ஷிப்ட், ஷிப்டும் 5-ம் சேர்ந்தால் சதவீதக் குறி. 'வணக்கம்! நலமா' என்று வைத்தால் இன்னும் வேடிக்கை: வியப்புக்குறி ஆல்ட் ஆகி, அடுத்த ஸ்பேஸோடு சேர்ந்து, சன்னலின் மெனு திறந்துகொள்ளும். உள்ளதை உள்ளபடி அனுப்பச் சொல்லும் 'T' என்ற ஆங்கில எழுத்தை முதல் இரண்டு முக்காற்புள்ளிகளுக்கு நடுவே சேருங்கள். தமிழில் வாசகம் வைப்பவர்கள் எல்லாச் சுருக்கத்திலும் இதைப் போட்டுவிடுவது நல்லது.

விரிந்த பிறகு எல்லாமே பெரிய எழுத்தாகவோ கட்டளையாகவோ போனால் ஷிப்ட், கன்ட்ரோல், ஆல்ட் இவற்றில் ஒன்று அழுத்தியபடியே நின்றுவிட்டது என்று பொருள். இரண்டு பக்கத்து விசைகளையும் ஒருமுறை தட்டி விடுங்கள்.

## அறிகுறி 5: கேள்விக்குறி, கட்டம், கிறுக்கல்

என்ன மாதிரிக் கிறுக்கல் என்பதிலேயே பதில் இருக்கிறது.

சாய்கோடு போட்ட ஆங்கில ஏ-யும் வட்டத்துக்குள் ஆர் குறியும் திரும்பத் திரும்ப வருகின்றனவா? யூடிஎஃப்-8 (யூனிகோடைச் சேமிக்கும் முறை) ஃபைலைக் கருவி பழைய குறியேற்றமாக நினைத்துப் படிக்கிறது. ஆட்டோஹாட்கீ 1.1-இல் இது வாடிக்கை. நோட்பேடில் 'சேவ் ஆஸ்' போய், கீழே என்கோடிங் பட்டியலில் 'யூடிஎஃப்-8 வித் பிஓஎம்' தேர்ந்து சேமித்து, ரீலோடு செய்யுங்கள். விண்டோஸ் 10-இன் 2019 புதுப்பிப்பிலிருந்து நோட்பேட் பிஓஎம் (ஃபைலின் தொடக்கத்தில் நிற்கும் அடையாளக் குறி) இல்லாமல்தான் இயல்பாகச் சேமிக்கிறது. அதனால் ஒவ்வொரு புதிய ஃபைலுக்கும் இதைக் கவனிக்கவேண்டும். 2.0 பதிப்புக்கு மாறினால் இந்தத் தொல்லை இல்லை.

வெறும் கேள்விக்குறிகளா? ஃபைல் ஏற்கெனவே யூனிகோடு அல்லாத முறையில் சேமிக்கப்பட்டுவிட்டது. உள்ளே இருந்த தமிழ் போயே போய்விட்டது, மீட்க முடியாது. பேக்கப் இருந்தால் எடுங்கள், இல்லையென்றால் மறுபடி அடிக்கவேண்டியதுதான். வேர்ட் மேக்ரோவுக்குள் கேள்விக்குறி என்றால் அறிகுறி 8.

கட்டங்களா? எழுத்துருவில் தமிழ் இல்லை. எழுத்துருவை மாற்றினால் போதும்.

பத்தியில் மற்றதெல்லாம் தமிழாகத் தெரிகிறது, விரிவு மட்டும் வேறு எழுத்துருவில் நிற்கிறதா? அந்த ஆவணம் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடிக்கப்பட்டிருக்கலாம். அதற்குள் யூனிகோடு விரிவைப் போட்டால் பொருந்தாது. முதலில் ஆவணத்தை யூனிகோடுக்கு மாற்றிவிட்டு வாருங்கள்.

## அறிகுறி 6: கேட்காமலே விரிகிறது

உடனடி நிவாரணம்: விரிந்த கையோடு கன்ட்ரோல் + இசட். வேர்டில் அப்படிச் செய்தால் நீங்கள் அடித்தது அப்படியே திரும்பும்.

நிரந்தரத் தீர்வுக்கு, அந்தச் சுருக்கம் வேறொரு சொல்லுக்குள் வருகிறதா என்று பாருங்கள். கருவியில் 'முழுச் சொல்லாக இருந்தால் மட்டும்' என்ற அமைப்பு இருக்கும். இருந்தும் பயனில்லையென்றால் சுருக்கத்தையே மாற்றுங்கள். உண்மையான எந்தச் சொல்லும் சுருக்கமாக இருக்கக்கூடாது.

இரண்டு சுருக்கங்கள் மோதுவது இன்னொரு காரணம். ,,1 என்று ஒன்றும் ,,12 என்று ஒன்றும் வைத்து, இரண்டையும் உடனே விரியும்படி அமைத்தால் இரண்டாவது ஒருநாளும் வராது. '1' அடித்ததுமே முதலாவது பாய்ந்துவிடும். மேலே எல்லாவற்றுக்கும் இரண்டு இலக்கம் வைக்கச் சொன்னது இதனால்தான்.

## அறிகுறி 7: சாட்டில் வரிவரியாக அனுப்பிவிடுகிறது

பல வரி விரிவில் ஒவ்வொரு வரி முடிவும் ஒரு என்டர். சாட் செயலிக்கு என்டர் என்றால் 'அனுப்பு'. வரி முடிவுகளை ஷிப்ட் + என்டராக மாற்றுங்கள், அல்லது அந்த ஒன்றை மட்டும் கிளிப்போர்டு வழியாக ஒட்ட வையுங்கள். சோதிக்கும்போது உங்களுக்கு நீங்களே செய்தி அனுப்பிக்கொள்ளுங்கள், தலைமை அதிகாரியின் சாட் பெட்டியில் வேண்டாம்.

## அறிகுறி 8: வேர்ட் மேக்ரோ ஓடவில்லை

மேக்ரோவே பட்டியலில் இல்லையா? ஆல்ட் + எஃப்8 தட்டுங்கள். காணோமென்றால் எங்கே சேமித்தீர்கள் என்பதுதான் கேள்வி. சாதாரண .docx வகை ஃபைலில் மேக்ரோ தங்காது. .docm ஆகச் சேமிக்கவேண்டும். எல்லா ஆவணத்திலும் வேண்டுமென்றால் பதிவு செய்யும்போதே நார்மல் டெம்ப்ளேட்டில் (வேர்ட் எல்லா ஆவணத்துக்கும் அடிப்படையாக எடுக்கும் ஃபைல்) வைக்கவேண்டும். அந்த டெம்ப்ளேட் பெரும்பாலும் வேர்டை மூடும்போதுதான் சேமிக்கப்படும். புதிய மேக்ரோ எழுதிய பிறகு வேர்ட் முறையாக மூடாமல் நின்றுபோனால் அதுவும் போயிற்று. முக்கியமானதை எழுதியதும் ஒருமுறை வேர்டை மூடித் திறந்துவிடுங்கள். பிரவுசரில் திறக்கும் வேர்டில் மேக்ரோ ஓடவே ஓடாது.

சிவப்புப் பட்டையோடு தடுக்கிறதா? இணையத்திலிருந்தோ மின்னஞ்சலிலிருந்தோ வந்த ஃபைல்களின் மேக்ரோவை மைக்ரோசாப்ட் 2022 முதல் இயல்பாகவே தடுக்கிறது. ஃபைல் உங்களுடையதுதான், உங்கள் இன்னொரு கணினியிலிருந்து நீங்களே அனுப்பியதுதான் என்றால் மட்டும்: ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், கீழே 'அன்பிளாக்'. யார் எழுதியது என்று தெரியாத மேக்ரோவுக்கு இதைச் செய்யாதீர்கள்.

ஓடுகிறது, ஆனால் பதிவு செய்தபடி நடக்கவில்லையா? வேர்ட் பதிவு செய்யும்போது மவுஸால் வாசகத்தைத் தேர்வதை ஏற்காது. ஷிப்ட் + அம்பு விசைகளால் தேர்ந்து மறுபடி பதியுங்கள். திரையில் இன்ன இடத்தில் கிளிக் செய் என்று எழுதிய வேறு கருவி மேக்ரோக்கள் சன்னல் சற்று நகர்ந்தாலே குறி தவறும். மெனுவுக்கான விசைகளாக மாற்றிவிட்டால் நிற்கும்.

விசைக்கூட்டு வேலை செய்யவில்லையா? ஆல்ட் + எஃப்8 வழியாக மேக்ரோ ஓடினால் கோளாறு விசைக்கூட்டில். கன்ட்ரோல் + ஆல்ட் கூட்டைச் சில விசைப்பலகைகள் வலப்பக்க ஆல்ட் ஆக எடுத்துக்கொண்டு வேறு எழுத்தைத் தந்துவிடும். வேறு கூட்டு வையுங்கள்.

மேக்ரோவுக்குள் தமிழ் கேள்விக்குறியாகிறதா? வேர்டின் மேக்ரோ எடிட்டர் யூனிகோடு எழுத்தை ஏற்காது. சில மொழிகளுக்கு விண்டோஸின் சிஸ்டம் லொகேலை (யூனிகோடு அல்லாத நிரல்களுக்கான மொழி அமைப்பை) மாற்றினால் சரியாகிவிடும். தமிழுக்கு அந்தப் பழைய வகைக் குறியேற்றப் பக்கமே விண்டோஸில் கிடையாது, அதனால் அந்த வழி பலிக்காது. சொல்லைக் குறியெண்களாக எழுதி, எண்ணை எழுத்தாக்கும் 'சிஹெச்ஆர்டபிள்யூ' (ChrW) என்ற கட்டளைக்குக் கொடுக்கலாம். 'அம்மா' என்றால் 2949, 2990, 3021, 2990, 3006. ஒரு சொல்லுக்குச் சரி, ஒரு பத்திக்கு யார் உட்கார்ந்து எண்ணுவது? அதற்கு இதைவிட நல்ல வழி: தமிழ்ப் பத்தியை ஆட்டோடெக்ஸ்டாக (வேர்டில் பெயர் வைத்துச் சேமிக்கும் வாசகமாக) சேமித்துவிட்டு, மேக்ரோவில் அந்த ஆட்டோடெக்ஸ்டை ஆங்கிலப் பெயரால் அழையுங்கள். எடிட்டருக்குள் தமிழே வராது. பத்தியைத் திருத்தவேண்டி வந்தாலும் மேக்ரோவைத் தொடவேண்டாம்.

ஆட்டோகரெக்டில் நீளமான வாசகம் ஏறவில்லை என்று வருபவர்களுக்கும் இதே பதில்தான். அலங்காரமில்லாத வாசகத்துக்கு அதில் 255 எழுத்து எல்லை. ஆட்டோடெக்ஸ்டில் பெயரை அடித்து எஃப்3 தட்டினால் பக்கம் பக்கமாகவே வரும். லிப்ரே ஆபீஸிலும் எஃப்3-தான்.

## எப்போது ஆளைக் கூப்பிடுவது?

வேலை இடத்துக் கணினியில் மேக்ரோ அமைப்புகள் சாம்பல் நிறமாகித் தொட முடியாமல் இருந்தாலோ, கருவியை நிறுவியதும் மறைந்தாலோ, அட்மின் கடவுச்சொல் கேட்டாலோ நிறுத்திவிடுங்கள். அது நிர்வாகம் போட்ட பூட்டு. சுற்றுவழி தேடினால் நீங்கள்தான் பதில் சொல்லவேண்டியிருக்கும். ஐடி பிரிவிடம் கேளுங்கள். கேட்கும்போது, கருவி விசைகளைப் பதிவு செய்து எங்கும் அனுப்புவதில்லை, சுருக்கங்கள் இந்தக் கணினியிலேயே உள்ளன என்று உறுதியாகச் சொல்ல முடிகிறதா என்று முதலில் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். இணையக் கணக்கில் சேமிக்கும் கருவி என்றால் அதைச் சொல்ல முடியாது. கடவுச்சொல், வங்கி விவரம் எதையும் விரிவாக வைத்திருந்தால் கேட்கும் முன் நீக்கிவிடுங்கள். அவை சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில் யாரும் படிக்கும்படிதான் கிடக்கின்றன.

நார்மல் டெம்ப்ளேட் கெட்டுப்போய் வேர்டே திறக்க மறுத்தால், ஃபைலின் பெயரை மாற்றி வைத்தால் வேர்ட் புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். அதுவரை நீங்களே செய்யலாம். பழையதற்குள் இருக்கும் மேக்ரோக்களை மீட்பது தெரிந்தவர் வேலை. பழைய ஃபைலை அழிக்காமல் அப்படியே கொடுங்கள். நீங்கள் எழுதாத மேக்ரோ ஒன்று தானாக ஓடுகிறது என்றாலும், முதலில் நெட்வொர்க்கைத் துண்டித்துவிட்டு உடனே கூப்பிடுங்கள்.

வருபவர் முதலில் கேட்கப்போவது இவை: இயங்குதளமும் அதன் பதிப்பும், கருவியின் பெயரும் பதிப்பும், எந்த விசைப்பலகை, எந்தச் செயலியில் ஓடவில்லை, நோட்பேடில் ஓடுகிறதா, கடைசியாக எதை மாற்றினீர்கள். ஒரு தாளில் எழுதி, சுருக்கங்கள் உள்ள ஃபைலின் பிரதியையும் எடுத்து வையுங்கள்.